சில்லறைப் புத்தி

பெட்டிக்கடையில் ஐம்பது ரூபாயை நீட்டித் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் வாங்கினால், நாலு பத்து ரூபாய் நோட்டும் கொஞ்சம் சில்லறையும் திரும்பி வரும். மற்றவர்கள் எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். நான் அங்கேயே நின்று, ஒவ்வொரு நோட்டாகத் திருப்பி, பின்பக்கத்து அடியோரத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோவேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவேன். பிறகு முன்பக்கம் திருப்பிக் கையெழுத்தைப் படிப்பேன். அதற்குள் கடைக்காரர் முகம் மாறிவிடும்.

“என்ன சார், கள்ள நோட்டா? எங்க அப்பா காலத்துலேருந்து கடை வெச்சிருக்கோம்.”

“ஐயையோ, அதில்லைங்க. பழைய நோட்டு ஏதாவது வந்திருக்கான்னு...”

“பழசு புடிக்கலைன்னா குடுங்க, புதுசா மாத்தித் தர்றேன்.”

“இல்லைங்க, பழசுதான் வேணும்.”

இந்த இடத்தில் கடைக்காரர் எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பார். பின்னால் நிற்பவர் கடைக்காரரைப் பார்ப்பார். என்னைப் பற்றிய தீர்ப்பு வாய் திறக்காமலே எழுதப்பட்டுவிடும். ஒருமுறை இப்படி ஆராய்ச்சி முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கடைக்காரர் நாலுக்குப் பதில் மூன்று நோட்டுதான் கொடுத்திருக்கிறார். மூன்றையும் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். எண்ணத்தான் இல்லை. இத்தனைக்கும் திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான்.

பழைய நோட்டு சேர்ப்பவர்களில் வசதியானவர்கள் உண்டு. கண்காட்சிக்குப் போவார்கள், ஏலத்தில் கை தூக்குவார்கள், ஜார்ஜ் மன்னர் தலை போட்ட நோட்டை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவார்கள். நான் அந்த ஜாதி இல்லை. புழக்கத்தில், கைக்கு வரும் சில்லறையில் தானாக மாட்டுவதை மட்டும் எடுத்துவைப்பவன். நோட்டின் மேல் என்ன தொகை போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு பைசா கொடுப்பதில்லை என்பது என் விரதம். வெளியே சொல்லும்போது லட்சியம் மாதிரி இருக்கும். வீட்டில் இதற்குப் பெயர் கஞ்சத்தனம்.

என்ன தேடுகிறேன் என்று கேட்டால், பெரும்பாலும் இல்லாத ஒன்றைத் தேடுகிறேன். 2005இலிருந்து ரிசர்வ் வங்கி நோட்டுகளின் பின்பக்கத்தில், கீழே நடுவில், அச்சிட்ட ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். அந்த மொட்டை இடத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அடுத்தது கையெழுத்து. கவர்னர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருப்பார். காந்தி வரிசை நோட்டுகள் 1996இல் வந்தபோது கவர்னர் சி. ரங்கராஜன், நம்ம அரியலூர்க்காரர். 1997இல் பிமல் ஜலான், 2003இல் ஒய்.வி. ரெட்டி. ஆண்டு போடாத நோட்டு, போட்ட நோட்டு இரண்டிலும் கையெழுத்து உள்ளவர் ரெட்டி மட்டும்தான். மூன்றாவது அடையாளம் ஓட்டை. அந்தக் காலத்தில் வங்கிகளில் நூறு நோட்டை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்துக் கட்டாக்குவார்கள். அதைப் பிரிப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். 2001 நவம்பரில் ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆகவே காந்தியின் நீர்க்குறி இருக்கும் வெள்ளைப் பகுதியில் இரண்டு மூன்று துளையும், துளையைச் சுற்றித் துருக்கறையும் இருந்தால் அது மூத்த நோட்டு. காது குத்திய நோட்டு என்று நான் சொல்வேன். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையே ஒரு தோல்விதான். 2014 ஜனவரி 22ஆம் தேதி, 2005க்கு முன் வெளியான நோட்டுகளையெல்லாம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்போவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அவை செல்லாதவை அல்ல, தொடர்ந்து செல்லும் என்று அதே அறிவிப்பில் இருந்தது. நான் பாதிச் செய்தியோடு எழுந்துவிட்டேன். வீட்டில் இருந்த பணத்தையெல்லாம் தரையில் பரப்பி, ஆண்டு போடாதவற்றைப் பொறுக்கினேன். ரங்கராஜன் கையெழுத்தில் மடிப்புக் கலையாத சலவை நோட்டு ஒன்பது இருந்தது. பத்து, ஐம்பது, நூறு, எல்லாவற்றையும் வரிசையில் நின்று வங்கியில் கட்டிவிட்டு, தேசக் கடமை முடிந்த திருப்தியோடு காபி குடித்தேன். கட்டிவிட்டு வந்த மறுவாரம்தான், பொறுக்கும்போது இருந்த சுகம் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த ஒன்பதைத்தான் ஒவ்வொரு கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஊரில் எல்லோரும் தொலைத்ததைத் தேடுவார்கள். நான் செலான் எழுதிக் கட்டியதைத் தேடுகிறேன்.

காந்தி வரிசைக்கு முந்தைய அசோகத் தூண் நோட்டுகள் இன்னொரு உலகம். 1980 வாக்கில் அவற்றுக்குப் புதுப் படங்கள் வந்தன. ஒரு ரூபாயில் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை, இரண்டில் ஆரியபட்டா, ஐந்தில் டிராக்டர், பத்தில் மயில், இருபதில் கோணார்க் சக்கரம். கல்லூரிக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுத்து நான் வாங்கிய முதல் சம்பளம், அந்தச் சக்கரம் போட்ட ஒற்றை இருபது ரூபாய் நோட்டு. அன்று ராத்திரியே பரோட்டாவாகிவிட்டது. சால்னாவுக்குக் காசு கிடையாது என்பதால் ஐந்து பரோட்டா. அந்த நோட்டு மறுபடி கையில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதைவிடப் பெரிய ஆசையும் உண்டு. 1954இல் வெளியான ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978 ஜனவரியில் அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள். பெட்டிக்கடைச் சில்லறையில் அது வராது என்று தெரியும். ஆசை வருமானம் பார்த்தா வருகிறது? கோயிலை நேரில் பார்க்க இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான் என்று மனைவி சொல்கிறாள். அவளுக்கு நோட்டின் அருமை தெரியாது.

தேடிக் கிடைத்ததையாவது ஒழுங்காக வைத்திருந்தேனா என்றால், அதுவும் இல்லை.

ஒரு கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்திருந்தேன். கணக்குப்பிள்ளை என்றால் பந்தி முடியும்வரை நோட்டுப் புத்தகத்தோடு உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு பெரியவர் நூற்றொரு ரூபாய் வைத்தார். நூறு ஒரு நோட்டு, அந்த ஒன்றும் நோட்டு. கசங்கிய ஒரு ரூபாய் நோட்டு! மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டு என் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மாற்றிக்கொண்டேன். பார்த்தால், மன்மோகன் சிங் கையெழுத்து. ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அல்ல, மத்திய அரசு. அதனால் அதில் கவர்னர் கையெழுத்து இருக்காது. நிதித்துறைச் செயலர் கையெழுத்துதான். மன்மோகன் சிங் 1976இலிருந்து 1980 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1982இல் ரிசர்வ் வங்கி கவர்னராகி மற்ற நோட்டுகளிலும் கையெழுத்துப் போட்டார். இந்த விவரத்தைப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ரசம் வரும்வரை விளக்கினேன். மோருக்கு முன்பே அவர் எழுந்துவிட்டார்.

இவ்வளவு பெரிய பொருளைச் சும்மா வைக்கலாமா? மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் செய்துவிட்டேன். பளபளவென்று, ரேஷன் கார்டு மாதிரி, விளிம்பெல்லாம் சீல் வைத்து. அதை எடுத்துக்கொண்டு போய், நாற்பது வருடமாக நோட்டு சேர்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், “எப்ப சார் ஆச்சு?” என்றார். நோட்டைச் சூடு காட்டி ஒட்டினால் அதோடு கதை முடிந்ததாம். மடிப்பு இருக்கலாம், அழுக்கு இருக்கலாம், காகிதம் காகிதமாக இருக்க வேண்டுமாம். சரி, ஒட்டியதைப் பிரித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து இஸ்திரிப்பெட்டியை வைத்துச் சூடு காட்டி உரித்தேன். நோட்டு வந்தது. கையெழுத்து பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

அதற்கு முன்பு ஒரு ஐம்பது ரூபாயைச் சீயக்காய் போட்டு அலசிய வரலாறும் உண்டு. நம் நோட்டு பருத்தியில் செய்த காகிதம், துணியைப் போலத் தாங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். தாங்கியது. ஆனால் மொட்டைமாடியில் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்த நோட்டு, இந்தத் தெருவில் யாருக்கோ அன்று அதிர்ஷ்டமாகப் போயிருக்கிறது.

வரிசை எண் மோகம் தனி. ஆறு இலக்கம் ஒரே எண்ணாக வந்தால் ஒரு விலை, ஏறுவரிசையில் வந்தால் ஒரு விலை, எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரம் இருந்தால் அது அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகப் போட்டது, 2006இலிருந்து இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருநாள் 786 என்று முடியும் நூறு ரூபாய் கிடைத்தது. வழக்கமாகச் சாப்பிடும் பிரியாணிக் கடை பாயிடம் காட்டினால் மகிழ்வார் என்று நினைத்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரிடம், “பாய், இதப் பாருங்க” என்று நீட்டினேன். வாங்கினார். எண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப சந்தோஷம் சார்” என்று கல்லாவுக்கு மேலே இருந்த சட்டத்தில் செருகிவிட்டு, பில் போக மீதியைக் கொடுத்தார். காட்டத்தான் கொடுத்தேன், திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? இன்றும் அங்கே பிரியாணி சாப்பிடும்போது என் நூறு ரூபாய் மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு லெக் பீஸ் பெரிதாக விழும். அதுதான் வட்டி.

நோட்டின் எண்ணில் பிறந்த தேதி அமைவது இன்னொரு வேடிக்கை. நாள், மாதம், ஆண்டு, இரண்டிரண்டு இலக்கம். மனைவியின் பிறந்தநாளுக்கு அவள் பிறந்த தேதி எண்ணாக அமைந்த இருபது ரூபாய் நோட்டை, எட்டு மாதம் காத்திருந்து பிடித்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் சிறிது நேரம் பார்த்தாள்.

“ஏங்க, இது உங்க தங்கச்சி பொறந்த தேதி.”

அந்த நோட்டில் அன்று மாலை கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை வந்தது.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு நாடே டிவி முன் உட்கார்ந்தபோது, நான் அகராதி முன் உட்கார்ந்திருந்தேன். நல்ல எண் அமைந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் ஆறு, அந்த அகராதிக்குள் மனைவிக்குத் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தன. மொத்தம் மூவாயிரம். ஒப்புக்கொண்டு தலைகுனிந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், பருப்பு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பதினோராயிரம். சேர்ப்பதிலும் அவள்தான் கெட்டிக்காரி.

வரிசையில் நின்று அனைத்தையும் கட்டினோம். நடுங்கிக்கொண்டு என் ஆறையும் சேர்த்தே கட்டினேன். பிறகு 2017இல் வந்த சட்டத்தைப் படித்தால், செல்லாத நோட்டில் யாரும் பத்துவரை வைத்துக்கொள்ளலாம், ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் இருபத்தைந்துவரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால்தான் அபராதம் என்று இருக்கிறது. என்னைப் போன்றவனை நினைத்து நாடாளுமன்றம் ஒரு வரி எழுதியிருக்கிறது. நான்தான் காத்திருக்கவில்லை. 2014இல் பாதிச் செய்தி, 2016இல் முழுப் பயம். அரசாங்கத்துக்கு என்னைவிடப் பணிவான குடிமகன் கிடைக்க மாட்டான். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவேன்.

கேட்டவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். ஊரடங்கு முடிந்த சமயம், கையில் டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதற்குப் பல லட்சம் தருவதாக ஒரு விளம்பரம். எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும், டிராக்டர் நோட்டு அரிதே இல்லை என்று. அசோகத் தூண் வரிசையிலும் டிராக்டர், காந்தி வரிசையிலும் டிராக்டர், அந்த நோட்டில் உழுத நிலத்தை எல்லாம் சேர்த்தால் தஞ்சை மாவட்டம் பத்தாது. ஆனாலும் போன் செய்தேன். மறுமுனையில் மிகவும் மரியாதையான குரல். “சார், உங்க நோட்டுக்கு ரெண்டே முக்கால் லட்சம் ஃபிக்ஸ் ஆயிருக்கு. பதிவுக் கட்டணம் மட்டும் ஆயிரத்து நூத்தம்பது அனுப்பிடுங்க. ரிசர்வ் வங்கி ரசீது வரும்.” நோட்டின் மேல் போட்ட தொகைக்கு மேல் ஒரு பைசா கொடுக்காத விரதக்காரன், ஐந்து ரூபாய் நோட்டுக்கு ஆயிரத்து நூற்றைம்பது கொடுத்தேன். மறுநாள் ஜிஎஸ்டி என்று ஒன்பதாயிரம் கேட்டார்கள். அப்போதுதான், கணக்கு எழுதுகிறவன் விழித்தான். பழைய நோட்டு, நாணயம் விற்பதில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிப்பே வெளியிட்டிருக்கிறது. நான் எப்போதும் போல அதைப் பணம் கட்டிய பிறகு படித்தேன்.

இப்போது தொழிலே படுத்துவிட்டது. இளநீர்க்காரர் முதல் பூக்கடைவரை கியூஆர் அட்டை தொங்குகிறது. ஏடிஎம்மில் ஐந்நூறாகத் துப்புகிறது. சில்லறை நோட்டு புழங்கும் இடம் என்று டவுன் பஸ்ஸும் காய்கறிக் கடையும்தான் மிச்சம். டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம், “பழைய பத்து இருந்தா குடுங்கண்ணே” என்று கேட்டேன். அவர் என் கையில் பத்து ரூபாய் நாணயமாக ஏழு வைத்துவிட்டுப் போனார். ஊரில் வாங்க மறுக்கும் நாணயத்தை ஒழித்த நிம்மதி அவருக்கு.

கடைசியில் நம்பியிருந்தது தென்னூர் உழவர் சந்தைக்கு வெளியே சாக்கு விரித்து உட்காரும் கீரைக்கார ஆயாவை. வருடக்கணக்கில் நான் அவரிடம் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வாங்கி, சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் கேட்டார், “என்னா தம்பி தேடுறீங்க?” சொன்னேன். அடுத்த வாரம், “தம்பிக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்” என்று இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஐந்து நோட்டு கொடுத்தார். எனக்குக் கண் கலங்கியது. பிரித்துப் பார்த்தேன். ஒன்று பாதியாகக் கிழிந்து செலோடேப் ஒட்டியது. ஒன்றில் மூலையைக் காணோம். ஒன்றில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு செல் நம்பரும், ‘சரண்யா ஐ லவ் யூ’வும். எல்லாம் போன வருடம், அதற்கு முந்தின வருடம் அச்சானவை. பழைய நோட்டு என்றால் கிழிந்த நோட்டு என்று ஆயா புரிந்துகொண்டார். அல்லது என்னைச் சரியாகப் புரிந்துகொண்டார். மறுக்க மனம் வரவில்லை. நல்ல ஐம்பதைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

அதோடு அது வழக்கமாகிவிட்டது. மாதம் ஒருமுறை, யாரும் வாங்காத நோட்டெல்லாம் ஆயா மடியிலிருந்து என் மடிக்கு வரும். பக்கத்துச் சாக்கில் தேங்காய் விற்பவரும், எலுமிச்சை விற்கும் அக்காவும்கூட அவர் மூலமாக அனுப்பத் தொடங்கினார்கள். நான் நல்ல நோட்டு கொடுத்து வாங்கிப் போய் வங்கியில் மாற்றுவேன். இருபது ரூபாய்வரையிலான நோட்டுக்குக் கணக்கு எளிது. முழுசாக இருக்கும் பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கவுன்டரில் இருக்கும் பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பெருமூச்சு விட்டு அளவுகோலை எடுப்பார். நோட்டு சேர்ப்பவன் என்று கிளம்பி, தென்னூர் வட்டாரத்துக் கிழிசல் ஏஜென்டாக ஆனேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் ஆயா ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சுருளைக் கொடுத்து, “இந்தத் தடவ நல்லாப் பாருங்க தம்பி” என்றார். எண்ணிக்கை சரிபார்க்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். எல்லாம் மடித்து மடித்து, கீரைத் தண்ணீர் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கிழிசலில் என்ன இருக்கப்போகிறது? பிரிக்காமலே ஓரத்தை மட்டும் புரட்டினேன். இப்போதைய பத்து ரூபாய் நோட்டில் பின்பக்கம் கோணார்க் சூரியன் கோயில் சக்கரம். அழுக்கேறினால் எல்லா நோட்டும் ஒரே நிறம். சக்கரம், சக்கரம், சக்கரம். பதினான்கு. நூற்று நாற்பது ரூபாய் கொடுத்தேன். ஆயா எண்ணி வாங்கி, என்னை ஒரு பார்வை பார்த்து, முடிந்துகொண்டார்.

வங்கியில் அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்து நீவி அடுக்கிவிட்டு, நூற்றைம்பது கொடுத்தார்.

“பதினாலு நோட்டுதானேம்மா?”

“பதினாலுதான் சார். நூத்தம்பது.”

பின்னால் நின்றவர் இருமினார். வங்கிக்காரர்கள் தப்பாகக் கொடுத்தால் நமக்கென்ன என்று, முப்பது வருடக் கணக்குப்பிள்ளை பத்து ரூபாய் லாபத்தோடு படியிறங்கினேன். அன்று இரவு தயிர்சாதத்துக்கு ஊறுகாயைத் தொட்ட கை அப்படியே நின்றது. பதினான்கு நோட்டு, நூற்றைம்பது ரூபாய். எல்லாம் பத்தாக இருந்தால் எப்படி நூற்றைம்பது? ஒன்று இருபதாக இருந்தால்தான் கணக்கு நேராகும். புரட்டிய ஓரமெல்லாம் மனதில் வரிசையாக வந்தது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக, நாலாக மடித்திருந்தது. இப்போதைய பத்தைவிட அந்தக் கால இருபது நீளம். இப்போதைய நோட்டில் சக்கரம் இருக்கும் பக்கம் தூய்மை இந்தியா மூக்குக் கண்ணாடியும் இருக்கும். நான் கண்ணாடியைப் பார்த்தேனா? சக்கரத்தை மட்டும்தான் பார்த்தேன்.

காலையில் வங்கி ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றேன். கிழிசலெல்லாம் கட்டுப்போட்டு நேற்றே கிளம்பிவிட்டதாம். ரிசர்வ் வங்கிக்குப் போனால் அங்கே எந்திரம் பொடிப்பொடியாக நறுக்கி, அழுத்திக் கட்டியாக்கிவிடும். “ஏதாவது பிரச்சனையா சார்?” என்று அந்தப் பெண் கேட்டார். “இல்லம்மா, பத்து ரூபா கூடக் குடுத்தீங்களோன்னு...” என்றேன். “கரெக்டா இருந்துச்சு சார். ஒரு பழைய இருபது இருந்துச்சே, நீங்க கவனிக்கலையா?” என்றார்.

அந்தப் பத்து ரூபாயை ஆயாவிடம் கொடுத்துவிடலாம் என்று சந்தைக்குப் போனேன்.

“கொறச்சுக் குடுத்தீங்கன்னு அன்னிக்கே தெரியும். காச எண்ணாம வாங்குவேனா? போவட்டும்னு வுட்டேன்” என்றார். கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார். “எங்க மாமியா சுருக்குப்பையில கெடந்துச்சு தம்பி. அது போயி ஆறு மாசமாச்சு. எம் மவன் கடையில குடுத்து டீ குடிக்கிறேன்னான். நாந்தான், நம்ம தம்பி எத்தன நாளா தேடுதுன்னு, புடுங்கி வெச்சேன். சக்கரம் போட்டிருந்துச்சே, பாத்தீங்கள்ல?”

“பார்த்தேன் ஆயா.” பொய் இல்லை.

“பத்திரமா வெச்சிருக்கீங்களா?”

“பேங்க்ல இருக்கு.” இதுவும் பொய் இல்லை.

“அதான் நல்லது” என்று தலையாட்டினார். லாக்கரை நினைத்திருப்பார். நான் நீட்டிய பத்து ரூபாயை வாங்கினார். வாங்கி, திருப்பி, பின்பக்கத்து அடியோரத்தைக் கண்ணருகே கொண்டுபோய், வெயிலுக்கு நேராகப் பிடித்து, என்னைப் போலவே கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“இது பழசில்லியே தம்பி” என்றார்.